டாக்டர் அம்மா பதில்கள்: ஆபரேஷனுக்குப் பிறகும் வலிக்கிறதே!

கேள்வி: டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். எனக்கு வயது 34. ஒட்டன்சத்திரம் பக்கம் ஒரு கிராமம். வீட்டிலேயே பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறேன். இரண்டு பிள்ளைகள். வீட்டுக்காரர் காய்கறி மண்டியில் கணக்கு எழுதுகிறார்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் நெஞ்சுக்குழிக்குக் கீழே வலி ஆரம்பித்தது. சாப்பிட்டுக் கால் மணி நேரத்தில் பிசைய ஆரம்பித்து, முதுகுக்குப் போய், ஆளையே சுருட்டிப் போட்டுவிடும். கேஸ் என்றார்கள், அல்சர் என்றார்கள். எண்டோஸ்கோபியில் ஒன்றும் இல்லை. பயத்தில் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே வந்து, 52 கிலோ இருந்தவள் 38 கிலோ ஆனேன். "ஒல்லியாகணும்னு பட்டினி கிடக்கிறா" என்று சொந்தக்காரர்களே பேசினார்கள். கடைசியில் மதுரையில் சிடி ஆஞ்சியோ எடுத்தபோது, வயிற்றுக்குப் போகும் ரத்தக்குழாயை ஒரு நார் அழுத்துகிறது, அதற்குப் பெயர் 'மீடியன் ஆர்குவேட் லிகமென்ட் சிண்ட்ரோம்' என்றார்கள். ஒரு தனியார் மருத்துவமனையில் லேப்ராஸ்கோப்பி மூலம் அந்த நாரை வெட்டிவிட்டார்கள். நகையை அடகு வைத்துத்தான் செய்தோம்.

மூன்று மாதம் நன்றாக இருந்தேன். 44 கிலோ வரை ஏறினேன். அப்புறம் மறுபடி வலி. இப்போது ஆபரேஷன் முடிந்து பத்து மாதம் ஆகிறது. தொப்புளுக்கு வலது பக்கம், தழும்பை ஒட்டி ஓர் இடத்தில் சுருக்சுருக்கென்று குத்துகிறது. விரல் வைத்துக் காட்டும் அளவுக்குச் சின்ன இடம். குடம் தூக்கினால், தையல் மெஷினில் குனிந்து உட்கார்ந்தால் அதிகமாகிறது. அது போக, சாப்பிட்டால் பழையபடி பிசைவதும் வருகிறது. முன்னளவுக்கு இல்லை. ஆனால் நாலு வாய் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துபோகிறது. இப்போது எடை 41.

ஆபரேஷன் செய்த டாக்டர் ஸ்கேன் பார்த்துவிட்டு, "எல்லாம் நார்மல், டென்ஷனைக் குறைங்க" என்கிறார். ஊரில் உள்ள கிளினிக்கில் டிரமடால் ஊசி போட்டுக்கொண்டால் ஒரு ராத்திரி தூங்குகிறேன். இப்போது வாரத்தில் பாதி நாள் அதுதான். மாமியார் திருஷ்டி சுற்றிப் போட்டுப் பார்த்துவிட்டார். மறுபடி ஆபரேஷன் செய்ய வேண்டுமா? யாரிடம் போவது? ரிப்போர்ட் நகல்களை இணைத்திருக்கிறேன்.

— பெயர் வேண்டாம், ஒட்டன்சத்திரம் வட்டம்

பதில்: மறுபடி ஆபரேஷன் வேண்டுமா என்று கேட்டால், இன்றைய நிலையில் யாராலும் பதில் சொல்ல முடியாது. 'வேண்டும்' என்று உடனே சொல்பவரிடமும் போகாதீர்கள், 'ஒன்றுமே இல்லை' என்று அனுப்பிவிடுகிறவரோடும் நிற்காதீர்கள். உங்களுக்கு இருப்பது ஒரு வலி அல்ல. கடிதத்தில் இரண்டு வலி தெளிவாகத் தெரிகிறது. அந்த ஊசி மூன்றாவதாக ஒன்றைக் கிளப்பிக்கொண்டிருக்கிறதோ என்பது என் சந்தேகம். மூன்றையும் 'வயிற்றுவலி' என்று ஒரே மூட்டையாகக் கட்டிக் கொண்டுபோனால் எந்த டாக்டரும் தடுமாறத்தான் செய்வார்.

முதலில் உங்கள் நோயைப் பற்றிக் கொஞ்சம். பெயரைச் சொன்னார்களே தவிர யாரும் விளக்கிச் சொன்னதாகத் தெரியவில்லை. நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கிற தசைத் தட்டுக்கு உதரவிதானம் என்று பெயர். இதயத்திலிருந்து கிளம்பும் மகாதமனி, முதுகெலும்பை ஒட்டியபடி, வளைவான ஒரு நாரின் அடியில் நுழைந்து வயிற்றுக்குள் வருகிறது. ரிப்போர்ட்டில் இருக்கும் லிகமென்ட் அந்த வளைவுதான். அதற்குச் சற்றுக் கீழே பிரிகிற பெரிய கிளை சீலியாக் தமனி. இரைப்பை, கல்லீரல், மண்ணீரல் மூன்றுக்கும் அதன் வழியாகத்தான் ரத்தம் போகிறது. சிலருக்கு நார் கொஞ்சம் தாழ்ந்தோ, தமனி கொஞ்சம் மேலே கிளம்பியோ அமைந்துவிடும். அப்போது தோட்டத்து ஹோஸ் பைப்பைக் காலால் மிதித்த மாதிரிதான். அதிலும் ஒரு வினோதம் உண்டு. மூச்சை வெளியே விடும்போது அழுத்தம் கூடும், உள்ளே இழுத்தால் தளரும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கீழே வேண்டியிருக்கும்.

தமனியைச் சுற்றி வலைபோல நரம்பு முடிச்சுகளும் இருக்கின்றன. ரத்தம் போதாமல் வலிக்கிறதா, நரம்பு நசுங்கி வலிக்கிறதா என்கிற வழக்கு இன்னும் தீரவில்லை. 1963-ல் பின்லாந்தில் ஹார்யோலா என்பவர் இப்படி ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார். 1965-ல் அமெரிக்காவில் டன்பாரும் அவருடைய குழுவினரும் 15 பேரைப் பற்றி எழுதினார்கள். அதனால்தான் சில ரிப்போர்ட்டுகளில் 'டன்பார் சிண்ட்ரோம்' என்று இருக்கும். ஆனால் 1972-ல் சிலாகி என்ற பெரிய ரத்தக்குழாய் அறுவை நிபுணர், 'இப்படி ஒரு நோய் இருக்கிறதா என்ன?' என்று தலைப்பிலேயே கேட்டு ஒரு கட்டுரை எழுதினார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் 100 பேரில் 10 முதல் 24 பேருக்கு இந்த அழுத்தம் ஓரளவு தெரியும். அவர்களில் பெரும்பாலோர் பிரியாணி சாப்பிட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்கள். ஆகவே 'டென்ஷன்' என்று உங்களிடம் சொன்ன டாக்டர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. மருத்துவ உலகமே இந்த நோயை அரை மனதோடுதான் நம்புகிறது. அதற்காக நீங்கள் வலியை விழுங்கிக்கொண்டு இருக்க வேண்டும் என்பதில்லை.

இந்த ஆபரேஷனுக்குப் பிறகு எத்தனை பேருக்குக் குணமாகிறது? 2012-ல் வெளியான ஒரு தொகுப்பில் சுமார் 400 நோயாளிகளின் விவரத்தைச் சேர்த்துப் பார்த்தார்கள். 85 சதவீதம் பேருக்கு ஆபரேஷன் முடிந்த கையோடு வலி குறைந்திருந்தது. அப்படியானால் மீதிப் பேருக்கு அப்போதே குறையவில்லை. குறைந்தவர்களிலும் சிலருக்கு உங்களைப் போலப் பிறகு திரும்பியது. ஆபரேஷனுக்கு முன்பே யாராவது இதை உங்களிடம் சொல்லியிருந்தால், இப்போது பாதிப் பயம் குறைந்திருக்கும். இன்னொன்றும் சொல்கிறேன், மாமியாரிடமும் படித்துக் காட்டுங்கள். ஆபரேஷனுக்குப் பின் மூன்று மாதம் தாண்டியும் நிற்கிற வலிக்கு, 2022 முதல் நடைமுறையில் இருக்கும் உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் தனி இடமே கொடுத்திருக்கிறார்கள். அது திருஷ்டியும் இல்லை, நடிப்பும் இல்லை.

சரி, தையல் மெஷினில் குனிந்தால் குத்துகிற வலிக்கு வருவோம். உங்கள் கடிதத்திலேயே எனக்கு நம்பிக்கை தந்த வரி அதுதான். வயிற்றுக்குள் இருக்கிற உறுப்பு வலித்தால் விரல் வைத்துக் காட்ட முடியாது. உள்ளங்கையால் வயிறு முழுக்கத் தடவித்தான் காட்டுவார்கள். ஒரே விரலால் காட்டுகிற வலி பெரும்பாலும் வயிற்றுச் சுவரில், அதாவது தோலுக்கும் குடலுக்கும் நடுவில் இருக்கும் தசையில், இருக்கும். விலாவிலிருந்து வரும் நரம்புகள் வயிற்றின் நடுத்தசையைத் துளைத்துக்கொண்டு தோலுக்கு வருகிற இடங்கள் உண்டு. லேப்ராஸ்கோப்பிக்குப் போட்ட துளை அதற்குப் பக்கத்தில் அமைந்துவிட்டால், ஆறிய தழும்பு நரம்பைப் பிடித்துக்கொள்ளலாம்.

இதற்கு ஒரு சோதனை இருக்கிறது. கார்னெட் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் 1926-ல் எழுதிவைத்தது, காசு செலவில்லாதது. மல்லாந்து படுங்கள். கைகளை மார்பின் மேல் குறுக்கே வைத்துக்கொள்ளுங்கள். வலிக்கிற இடத்தை வீட்டுக்காரர் ஒரு விரலால் அழுத்தட்டும். அழுத்திய விரலை எடுக்காமல் அப்படியே இருக்க, தலையையும் தோளையும் தரையிலிருந்து சற்றுத் தூக்குங்கள். வயிற்றுத் தசை பலகை மாதிரி இறுகும். வலி உள்ளே இருந்து வந்தால், இறுகிய தசை மறைத்துக்கொள்வதால் குறையும். சுவரிலிருந்து வந்தால் அப்படியேதான் இருக்கும், இல்லையென்றால் 'அய்யோ' என்று கத்துகிற அளவுக்குக் கூடும். கூடினால் அதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு ஒரு டாக்டர் தன் கையால் இதைச் செய்து பார்க்க வேண்டும். அவருக்கும் அப்படியே தோன்றினால், அந்த ஒரு புள்ளியில் மரத்துப்போகிற மருந்தை, பல் டாக்டர் போடுகிற லிக்னோகெயின்தான், ஊசியாகப் போட்டுப் பார்ப்பார். சில நிமிடங்களில் அந்த இடத்து வலி அடங்கினால் குற்றவாளி அகப்பட்டாயிற்று. அந்த ஊசியே சிலருக்கு வாரக்கணக்கில் நிம்மதி கொடுக்கும். தேவைப்பட்டால் திரும்பவும் போடலாம்.

ஒரே ஒரு எச்சரிக்கை. நின்றுகொண்டு இருமிப் பாருங்கள். தழும்பு இருக்கிற இடத்தில் எலுமிச்சை அளவுக்கு ஏதாவது புடைத்துக்கொண்டு வந்தால் அது துளை வழியாக வரும் குடலிறக்கமாக இருக்கலாம். அதற்கு ஊசி போடக் கூடாது, அறுவை மருத்துவரிடம்தான் காட்ட வேண்டும். அதுவரைக்கும் குடத்தைப் பிள்ளைகளின் அப்பா தூக்கட்டும். மண்டியில் மூட்டை இறங்குவதைப் பார்க்கிறவர்தானே!

அடுத்தது சாப்பிட்டால் வரும் வலி. நீங்கள் அனுப்பிய ஸ்கேன் ரிப்போர்ட்டை எழுத்துக் கூட்டிப் படித்தேன். நகல் அவ்வளவு மங்கல். கல்லீரல் நார்மல், பித்தப்பை நார்மல், இரண்டு கிட்னியும் நார்மல், கர்ப்பப்பை நார்மல். சீலியாக் தமனியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஸ்கேன் எடுத்தவர் மேல் தப்பில்லை. 'வயிறு ஸ்கேன்' என்று சீட்டில் எழுதினால் வயிற்றைத்தான் பார்ப்பார்கள். எந்தக் குழாய்க்காக ஆபரேஷன் நடந்ததோ, அந்தக் குழாயை ஆபரேஷனுக்குப் பிறகு இதுவரை யாரும் பார்க்கவே இல்லை. அதை 'நார்மல்' என்று எப்படிச் சொல்வது?

எனவே கேட்க வேண்டியது 'சீலியாக் தமனி டாப்ளர், மூச்சை இழுத்தும் விட்டும்'. சீட்டில் இப்படியே எழுதித் தரச் சொல்லுங்கள். வெறும் வயிற்றோடு போக வேண்டும். மூச்சை முழுக்க வெளியே விட்டு நிறுத்தச் சொல்லி ஓட்டத்தின் வேகத்தை அளப்பார்கள். குறுகின இடத்தில் ரத்தம் வேகமாகப் பாயும். வினாடிக்கு 200 சென்டிமீட்டரைத் தாண்டினால் குறுக்கம் இருக்கலாம் என்று சந்தேகப்படுவது வழக்கம். ஆனால் அந்த எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு பயப்படாதீர்கள். நன்றாகச் சாப்பிட்டு நன்றாக இருக்கிற சிலருக்கும் ஆபரேஷனுக்குப் பிறகு வேகம் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். டாப்ளரில் சந்தேகம் வந்தால் அடுத்தது சிடி ஆஞ்சியோ. அதையும் மூச்சை வெளியே விட்ட நிலையில் எடுத்தால்தான் பிரயோஜனம். சாதாரணமாக 'மூச்சை இழுத்துப் பிடிங்க' என்றுதான் படம் எடுப்பார்கள். இழுத்துப் பிடித்தால் அழுத்தம் தளர்ந்து, இருக்கிற குறுக்கமும் மறையக்கூடும்.

அதில் ஏதாவது தெரிந்தால் என்ன செய்வார்கள்? நாரின் சில இழைகள் வெட்டப்படாமல் நின்றிருந்தால் மறுபடி போய் வெட்டலாம். நார் முழுக்கப் போயும், பல வருஷம் நசுங்கியதில் தமனியின் சுவரே தடித்துச் சுருங்கியிருந்தால் பலூன் வைத்து விரிக்கலாம், ஸ்டென்ட் வைக்கலாம், பைபாஸ் செய்யலாம். நாரை வெட்டாமல் ஸ்டென்ட் மட்டும் வைக்கிறோம் என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிடாதீர்கள். வெளியிலிருந்து நார் அழுத்திக்கொண்டே இருந்தால் ஸ்டென்ட் நசுங்கும், ஒடியவும் செய்யும். இதையெல்லாம் முடிவு செய்ய ஒரு தாள் கட்டாயம் வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரி போதாது. 'ஆபரேஷன் நோட்ஸ்' வேண்டும். நாரை மட்டும் வெட்டினார்களா, நரம்பு முடிச்சையும் எடுத்தார்களா, முடிந்ததும் ஓட்டத்தை அளந்து பார்த்தார்களா என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு விதிமுறையே இருக்கிறது. சண்டை போட வேண்டாம். ஒரு வெள்ளைத் தாளில் தேதி போட்டு எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

குழாய் நன்றாகத் திறந்திருக்கிறது என்று வந்தால்? அது நல்ல சேதி. அப்போதும் வலிக்குக் காரணம் தேடத்தான் வேண்டும். 'நாலு வாய் சாப்பிட்டதுமே நிறைந்துவிடுகிறது' என்று எழுதியிருக்கிறீர்களே, அது இரைப்பை மந்தமாகக் காலியாவதன் அடையாளமாக இருக்கலாம். இந்த நோய் உள்ளவர்களுக்கு அது சேர்ந்தே வருவதுண்டு. பெரிய ஊர்களில் அணு மருத்துவப் பிரிவு இருக்கிற இடத்தில் இதற்கு ஒரு பரிசோதனை செய்வார்கள். கொஞ்சமே கொஞ்சம் கதிரியக்கப் பொருள் கலந்த உணவைச் சாப்பிடக் கொடுத்து, நாலு மணி நேரம் வரை அது எவ்வளவு வெளியேறுகிறது என்று படம் எடுப்பார்கள். மேல்நாட்டில் முட்டையில் கலந்து தருவார்கள். நம் பக்கத்தில் இட்லியில் கலந்து தருகிற இடங்கள் உண்டு. (சட்னி கிடையாது.) இரைப்பையும் சரி, குழாயும் சரி என்றால், பழைய நசுங்கலில் உணர்வு கூடிப்போன நரம்புகள் மிச்சம். சீலியாக் நரம்பு வலையில் மருந்து செலுத்தி, வலி தற்காலிகமாகவாவது நிற்கிறதா என்று வலி சிகிச்சை மருத்துவர்கள் பார்ப்பார்கள். அதற்கான மாத்திரைகளும் உண்டு. அமிட்ரிப்டிலின் என்ற மாத்திரையை ராத்திரியில் 10 மில்லிகிராம் என்று சின்ன அளவில் ஆரம்பிப்பது வழக்கம். மருந்துக்கடைக்காரர் 'இது மனநோய் மாத்திரை ஆச்சே' என்பார். பெரிய அளவில் கொடுத்தால் அதற்கு, இந்த அளவில் நரம்பு வலிக்கு. வாய் வறளும், காலையில் கொஞ்சம் மயக்கமாக இருக்கும், பலன் தெரிய இரண்டு மூன்று வாரம் ஆகும். ஆனால் இதை நீங்களாக வாங்கிப் போடவே கூடாது. ஏன் என்று அடுத்த பத்தியில் சொல்கிறேன்.

அந்த ஊசி. டிரமடால் ஓபியம் குடும்பத்தைச் சேர்ந்த மருந்து. 2018 முதல் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. ஆபரேஷன் முடிந்த சில நாளைக்கு அருமையான மருந்து. மாதக்கணக்கில் போட்டால் குடலையும் இரைப்பையையும் தூங்கவைத்துவிடும். ஏற்கெனவே மந்தமான வயிறு இன்னும் மந்தமாகும், மலம் கட்டும், உப்பும். இன்னும் மோசம் என்னவென்றால், இந்த வகை மருந்துகளை நாள்பட எடுக்கிற சிலருக்கு மருந்தே வயிற்றுவலியை உண்டாக்கும். வலிக்கு ஊசி, ஊசி இறங்கினால் வலி, மறுபடி ஊசி. ஊசி போடாத நாளில் கொட்டாவி, மூக்கில் தண்ணீர், கால் நிலைகொள்ளாமை, வயிற்றைச் சுண்டுகிற வலி இதெல்லாம் சேர்ந்து வருகிறதா என்று கவனியுங்கள். வந்தால் அது பழைய நோய் இல்லை, ஊசியைத் தேடுகிற உடம்பு. அதற்காக நாளைக்கே சட்டென்று நிறுத்திவிடவும் கூடாது. ஒரு டாக்டர் கணக்குப் போட்டுப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். அமிட்ரிப்டிலினோடு சேர்ந்தால் வலிப்பு வரும் அபாயம் கூடும் என்பதால், எந்த டாக்டரிடம் போனாலும் இந்த ஊசியைப் பற்றி முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. உங்கள் கையில் ஊசி குத்தினது நீங்கள் இல்லையே. டைக்ளோபெனாக் ஊசிக்கு மாறிக்கொள்ளலாமா என்று கேட்பீர்கள். வேண்டாம். 41 கிலோவில், ஒழுங்காகச் சாப்பிடாத வயிற்றில், அது புண்ணைக் கிளப்பிவிடும்.

யாரிடம் போவது? உங்களுக்குப் பக்கம் மதுரை. அங்கே அரசு ராஜாஜி மருத்துவமனையில் இரைப்பைக் குடல் அறுவைப் பிரிவு இருக்கிறது. வேலூர் சி.எம்.சி. மாதிரி இடத்துக்குப் போனால் குடல் மருத்துவர், ரத்தக்குழாய் அறுவை நிபுணர், வலி சிகிச்சைப் பிரிவு மூன்றும் ஒரே வளாகத்தில் கிடைக்கும். ஆனால் செலவும் தங்குகிற பாடும் உண்டு. 'பெயின் கிளினிக்' என்று எங்கே கேட்டாலும் பெரும்பாலும் மயக்க மருத்துவப் பிரிவுக்குத்தான் கைகாட்டுவார்கள். தப்பாக அனுப்புகிறார்களோ என்று நினைக்காதீர்கள், வலி சிகிச்சையை நடத்துவது அவர்கள்தான். கிளம்பும்முன் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை எடுத்துவைத்துக்கொண்டு, எந்தப் பரிசோதனைக்கு அது செல்லும் என்று அங்கே உள்ள காப்பீட்டு மேசையில் கேளுங்கள். இனி நகையைத் தொட வேண்டாம்.

போகும்போது ஒரே பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள். ஓ.பி.யில் உங்களுக்குக் கிடைக்கப்போவது சில நிமிடம்தான். அதில் அழுகைக்குப் பாதி போய்விடும், எனக்குத் தெரியும். மேலே எடை: 52, 38, 44, 41. அதற்குக் கீழே வலி ஒன்று, எங்கே, எதனால் கூடுகிறது, கார்னெட் சோதனையில் என்ன ஆனது. வலி இரண்டு, சாப்பிட்டு எத்தனை நேரத்தில் வருகிறது, எத்தனை நேரம் இருக்கிறது. ஊசி வாரத்துக்கு எத்தனை. கடைசியில் கேள்வி ஒன்றே ஒன்று: 'ஆபரேஷனுக்குப் பிறகு என் சீலியாக் தமனி திறந்திருக்கிறதா?' இந்தக் கேள்வியைக் கேட்டால் உங்களை யாரும் 'டென்ஷன்' என்று சொல்லி அனுப்ப மாட்டார்கள்.

அதுவரை சாப்பாடு. மூன்று வேளைச் சோறு என்கிற கணக்கையே மறந்துவிடுங்கள். ஒரு இட்லி, இரண்டு மணி நேரம் கழித்து அரை டம்ளர் சத்துமாவுக் கஞ்சி, பிறகு குழையப் பிசைந்த பருப்புச் சோறு நாலு வாய், அப்புறம் ஒரு வாழைப்பழம், மோர். எண்ணெயில் பொரித்தது இரைப்பையில் அதிக நேரம் உட்கார்ந்துகொள்ளும், கொஞ்ச நாளைக்கு வேண்டாம். வாரம் ஒரு நாள், அதே எடை மெஷினில், காலையில் ஏறிப் பாருங்கள். எடை தொடர்ந்து இறங்கினாலோ, தண்ணீர்கூடத் தங்காமல் வாந்தி வந்தாலோ, மலம் தார் போலக் கறுத்துப் போனாலோ, காய்ச்சலோடு வயிறு கல்லாக இறுகினாலோ பத்திரிகைப் பதிலுக்குக் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

கேள்வி: என் மனைவிக்கு 29 வயது. குடலைச் சவ்வு ஒன்று பை மாதிரி மூடியிருந்ததாகச் சொல்லி, 'அப்டாமினல் கக்கூன்' என்று ஆபரேஷன் செய்தார்கள். ஒரு வருஷம் ஆகியும் வலி என்கிறாள். ஆனால் தங்கை கல்யாணத்தில் ஓடியாடிச் சிரித்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்ததும் படுத்துவிட்டாள். இது உண்மையான வலிதானா?

— ஒரு கணவர், நாகர்கோவில்

பதில்: உண்மையான வலிதான். கல்யாண வீட்டில் கவனம் வேறு பக்கம் இருக்கும்போது மூளை வலியின் சத்தத்தைக் குறைத்து வைக்கும். மறுநாள் அதற்கு வட்டியோடு வாங்கிக்கொள்ளும். அவர் சிரித்ததைச் சாட்சியாக எடுத்துக்கொள்ளாதீர்கள் தம்பி. கல்யாணத்துக்கு மறுநாள் எழுந்திருக்க முடிந்ததா என்று பாருங்கள்.

நீங்கள் கேட்காத இரண்டு விஷயம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1978-ல் சிங்கப்பூரிலிருந்து ஃபூ என்ற மருத்துவர் இளம்பெண்கள் சிலரிடம் பார்த்து இந்த நோய்க்கு அந்தப் பெயரை வைத்தார். அப்போது காரணம் தெரியவில்லை. நம் நாட்டில் இதற்குப் பின்னால் வயிற்றுக் காசநோய் இருப்பதைப் பல தடவை பார்த்திருக்கிறார்கள். எடுத்த சவ்வைப் பரிசோதனைக்கு அனுப்பினார்களா, முடிவு என்ன என்று கேட்டு வாங்குங்கள். காசநோய் என்றால் மருந்து அரசில் இலவசம், குணமாகிற நோய். அடுத்தது, பிரித்துவிட்ட குடல் மறுபடி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளலாம். வலி அலை அலையாக வந்து, வயிறு உப்பி, வாந்தி எடுத்து, காற்றுகூடப் பிரியவில்லை என்றால் அது குடல் அடைப்பு. அன்றைக்கு உண்மையான வலியா என்று ஆராய்ந்துகொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

கேள்வி: கிட்னி கல்லுக்காக சிடி ஸ்கேன் எடுத்தேன். ரிப்போர்ட்டின் கடைசியில் 'மீடியன் ஆர்குவேட் லிகமென்ட்டினால் சீலியாக் தமனியில் லேசான குறுக்கம்' என்று போட்டிருக்கிறது. இணையத்தில் தேடிப் பார்த்துப் பயந்துவிட்டேன். எனக்குச் சாப்பிட்டால் வலி எதுவும் இல்லை. எடை 78 கிலோ. ஆபரேஷன் செய்துகொள்வது நல்லதா?

— பனியன் கம்பெனி சூப்பர்வைசர், திருப்பூர்

பதில்: வேண்டாம். வலி இல்லை, எடை இறங்கவில்லை, நன்றாகச் சாப்பிடுகிறீர்கள். மேலே சொன்னேனே, 100 பேரில் 10 முதல் 24 பேர் என்று, அந்தக் கூட்டத்தில் நீங்களும் ஒருவர். ரிப்போர்ட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். என்றைக்காவது கல்லீரல், கணையம் பக்கம் பெரிய ஆபரேஷன் ஏதாவது வந்தால் அந்த அறுவை மருத்துவருக்கு இந்த வரி உதவும். மற்றபடி இணையத்தை மூடிவிட்டுக் கல்லைக் கவனியுங்கள். அது எந்தப் பக்கம், எத்தனை மில்லிமீட்டர், ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று ஒரு வரிகூட எழுதவில்லையே!